வேர்ஹவுஸில் உங்கள் சரக்கு அடுத்தவர் சரக்கோடு கலக்காமல் இருக்க: கொங்குப் பக்கமிருந்து ஆன்லைனில் விற்க வருகிறவர்களுக்கு

போன வருடம் ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம், ஒரே நாளில் நான்கு ரிட்டர்ன் வந்தன. நான்கிலும் ஏறக்குறைய ஒரே புகார்: துண்டு சன்னமாக இருக்கிறது, ஒரு சலவைக்கே ஓரத்தில் நூல் பிரிகிறது. கரூரில் எங்கள் தறியில் ஓட்டும் டெரி துண்டு 75க்கு 150 சென்டிமீட்டர், சதுர மீட்டருக்கு 450 கிராம் கனம். கணக்குப் போட்டால் ஒரு துண்டு 506 கிராம் வரும். பத்துப் பதினைந்து கிராம் முன்னே பின்னே போகலாம், அதற்கு மேல் போகாது. ரிட்டர்னில் வந்ததைத் தராசில் வைத்தேன். 398 கிராம்.

செக்கிங்கில் பதினொரு வருடமாக இருக்கும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். துண்டின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தார். "இது நம்ம துண்டே இல்லீங் தம்பி. நம்முது ரெண்டு மடிப்பு மடிச்சுத் தைக்கிறதுங். இதப் பாருங், ஒத்த மடிப்பு." கவர் எங்களுடையது. கவரின் மேல் இருந்த பார்கோடும் எங்களுடையது. உள்ளே இருந்தது வேறு யாருடைய தறியிலோ ஓடியது.

ஐந்தாம் நாள் என் லிஸ்டிங்கை, அதாவது தளத்தில் என் பொருள் விற்பனைக்கு இருக்கும் பக்கத்தை, முடக்கினார்கள். தீபாவளிக்கென்று அனுப்பி வைத்திருந்த சரக்கு மொத்தமும் வேர்ஹவுஸிலேயே நின்றுபோனது. திரும்பத் திறக்க 41 நாள் ஆனது. எந்தத் தளம் என்று எழுதப்போவதில்லை. சரக்கைக் கலந்து வைக்கும் முறை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இது நடக்கலாம். நான் பட்டதை நீங்கள் படக் கூடாது என்பதற்காக, முதல் பெட்டி அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன்.

1. கலப்பு என்றால் என்ன, உங்கள் சரக்கு கலக்கிறதா

ஊர்ப் பால் சொசைட்டியில் எல்லார் வீட்டுப் பாலும் ஒரே கேனில்தான் விழுகிறது. காலையில் டம்ளரில் இருப்பது யார் மாட்டுப் பால் என்று யாராலும் சொல்ல முடியாது. வேர்ஹவுஸ் கலப்பும் அப்படித்தான். ஒரே பார்கோடு உள்ள பொருளை நான்கு விற்பனையாளர்கள் அனுப்பினால், நான்கையும் ஒரே சரக்காகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். உங்கள் பெயரில் ஆர்டர் விழும்போது அந்தப் பொது இருப்பிலிருந்து கைக்கு வந்த பீஸ் போகும். பணம் உங்களுக்கு வரும். புகாரும் உங்களுக்கே வரும். சொசைட்டியிலாவது ஊற்றுவதற்கு முன் லாக்டோமீட்டர் விட்டுப் பார்ப்பார்கள். இங்கே கவரைப் பிரித்து உள்ளே இருப்பதைப் பார்க்க ஆளே கிடையாது, பார்கோடு ஸ்கேன் ஆனால் சரக்கு உள்ளே போய்விடும்.

கலக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது ஒரே ஒரு விஷயம்: வேர்ஹவுஸ் எந்த பார்கோடை ஸ்கேன் செய்கிறது? கவரில் நாம் அச்சடித்த தயாரிப்பாளர் பார்கோடை ஸ்கேன் செய்தால் கலக்க வாய்ப்பு உண்டு. விற்பனையாளருக்கென்று தளம் தரும் தனி பார்கோடை ஒட்டி, அதை ஸ்கேன் செய்தால் உங்கள் சரக்கு உங்கள் கணக்கில் தனியாக நிற்கும்.

அமேசானில் விற்பவர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் எஃப்என்எஸ்கேயு என்று ஒரு எண் இருக்கும், ஸ்டாக் பக்கத்தில் பாருங்கள். அது 'எக்ஸ்00' என்று தொடங்கினால் உங்களுக்கான தனி எண். 'பி0' என்று தொடங்கி, பொருளின் பொது எண்ணான ஏஎஸ்ஐஎன்னும் அதுவும் ஒன்றாகவே இருந்தால், தயாரிப்பாளர் பார்கோடில் கணக்கு ஓடுகிறது என்று பொருள். வேறு தளமாக இருந்தால் விற்பனையாளர் உதவிக்கு ஒரு டிக்கெட் போட்டு, "என் பொருளைத் தனி பார்கோடில் வைக்கிறீர்களா, தயாரிப்பாளர் பார்கோடிலா?" என்று எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டு வாங்கிய பதில் பின்னால் எதற்கும் உதவாது.

கரூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் நேராக அமெரிக்க வாடிக்கையாளருக்கு அமேசானில் விற்கிறவர்கள் இப்போது நிறைய. அவர்களுக்கு ஒரு தகவல். அங்கே 2026 மார்ச் 31 முதல் கலப்பு முறையை நிறுத்துவதாக அமேசான் 2025 செப்டம்பரில் அறிவித்தது. பிராண்டுக்குச் சொந்தக்காரராகத் தளத்தில் பதிந்தவர் தயாரிப்பாளர் பார்கோடையே வைத்துக்கொள்ளலாம். வாங்கி விற்கிறவர் தனி ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். ஆக, உங்கள் பெயர் பிராண்டுக்குச் சொந்தக்காரராகப் பதிந்திருக்கிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அதற்கு 6ஆம் படியைப் பாருங்கள்.

2. பார்கோடு எண்ணை முறையாக வாங்குங்கள்

நான் பார்த்ததில் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். "ஆயிரம் ரூபாய்க்குப் பத்து பார்கோடு" என்று வாட்ஸ்அப்பில் விற்கிறார்கள். அந்த எண்கள் வேறு ஏதோ ஒரு கம்பெனி பெயரில் பதிவானவை. ஒரே எண்ணை நான்கு பேருக்கு விற்றிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. கலப்பு முறை உள்ள வேர்ஹவுஸில் உங்கள் துண்டும் யாரோ ஒருவருடைய பிளாஸ்டிக் டப்பாவும் ஒரே எண்ணில் போய் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பார்கோடு எண் வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவில் உங்கள் கம்பெனி பெயரில் பதிந்து வாங்குங்கள். அங்கே தரும் எண் 890 என்று தொடங்கும் 13 இலக்க எண். 890 என்றால் அந்த எண்ணை இந்திய அமைப்பு வழங்கியது என்று மட்டும்தான் பொருள், சரக்கு இந்தியாவில் செய்தது என்ற சான்று ஆகாது. பதிவுக்கு பான், ஜிஎஸ்டி சான்று, நிறுவன ஆவணம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் உங்கள் விற்றுமுதலையும் எத்தனை எண் வேண்டும் என்பதையும் பொறுத்தது. ஒருமுறை கட்டினால் தீர்ந்துவிடாது, புதுப்பிக்கவும் வேண்டும். அதையும் செலவில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று: ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி எண் வேண்டும். நீலத் துண்டுக்கும் மெரூன் துண்டுக்கும் ஒரே எண் அச்சடித்தால், அடுத்தவர் தலையீடே இல்லாமல் உங்கள் சரக்கு உங்கள் சரக்கோடே கலந்துவிடும்.

3. தனி ஸ்டிக்கர்: முதல் பெட்டிக்கு முன்பே முடிவெடுங்கள்

தளத்தின் செட்டிங்கில், பொருளை எந்த பார்கோடில் கண்காணிப்பது என்று கேட்கும் இடம் இருக்கும். வேலை மிச்சம் என்று தயாரிப்பாளர் பார்கோடைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மாதம் இரண்டாயிரம் பீஸுக்கு ஸ்டிக்கர் ஒட்ட ஒரு ஆள் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பின்னால் செட்டிங்கை மாற்றினால் ஏற்கெனவே உள்ளே போன சரக்கு பிரிந்து வராது, பொது இருப்பிலேயே நிற்கும். பல இடங்களில் அதே பொருளுக்குப் புதிதாக ஒரு எஸ்கேயு (விற்பவர் தன் பொருளுக்கு வைக்கும் அடையாள எண்) திறந்து, ஆரம்பத்திலிருந்து தனி பார்கோடில் அனுப்ப வேண்டியிருக்கும். பழைய எஸ்கேயுவில் மீதமிருப்பதை விற்றுத் தீர்க்க வேண்டும், அல்லது ரிமூவல் போட்டு, அதாவது வேர்ஹவுஸிலிருந்து திருப்பி அனுப்பச் சொல்லி, எடுக்க வேண்டும். எனவே இந்த முடிவு முதல் நாளே எடுக்க வேண்டியது.

ஸ்டிக்கர் வேலை சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் தப்பாக ஒட்டினால் வேர்ஹவுஸில் ஸ்கேன் விழுவது பழைய பார்கோடில்தான். அதற்கான விவரங்கள்:

தனி ஸ்டிக்கர் கவரில் உள்ள பழைய பார்கோடை முழுதாக மூட வேண்டும். ஒரு ஓரம் வெளியே தெரிந்தாலும் ஸ்கேனர் அதைப் பிடித்துக்கொள்ளும். கவரின் மறுபக்கத்தில் இன்னொரு பார்கோடு இருந்தால் அதையும் மூடுங்கள். அடுத்த முறை கவர் அச்சடிக்கும்போது, தளம் அனுமதித்தால் பார்கோடே இல்லாமல் அடித்துவிடுவது நல்லது.

சூடு பட்டுக் கருக்கும் காகிதத்தில் அச்சடிக்கும் சாதாரண தெர்மல் ஸ்டிக்கரைத் தவிருங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் லாரித் தகரத்துக்கு அடியில் ஒரு நாள் கிடந்தாலே அது மங்கும், அல்லது மொத்தமாகக் கருக்கும். ரிப்பன் போட்டு அச்சடிக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டர் வாங்குங்கள். 50க்கு 25 மில்லிமீட்டர் ரோல் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. எனக்கு ஸ்டிக்கர், ரிப்பன், ஒட்டுக்கூலி எல்லாம் சேர்த்து பீஸுக்கு எழுபது பைசா ஆகிறது. தளமே ஒட்டித் தரும் சேவையும் உண்டு. அதற்குப் பீஸ் கணக்கில் கட்டணம், கூட்டிப் பார்த்தால் சொந்தமாக ஒட்டுவதைவிட அதிகம் வரும். தவிர, ஸ்டிக்கர் ஒட்டும்போதே ஒரு கடைசிச் செக்கிங்கும் நடந்துவிடுகிறது.

மடிப்பின் மேலும் கவரின் வளைந்த ஓரத்திலும் ஒட்டாதீர்கள். ஒட்டி முடித்ததும் பெட்டிக்குப் பத்துப் பீஸையாவது போனில் ஸ்கேன் செய்து பார்த்து, எண் சரியாக விழுகிறதா என்று பாருங்கள்.

4. ஜிஎஸ்டி ஆவணங்களும் வண்டிக் காகிதமும்

தமிழ்நாட்டுக்குள் இருக்கும் வேர்ஹவுஸில் சரக்கு வைக்க, அந்த முகவரியை உங்கள் ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க வேண்டும். தளம் தரும் ஒப்புதல் கடிதம், வேர்ஹவுஸின் வாடகை ஒப்பந்தம் அல்லது மின் கட்டண ரசீது ஆகியவற்றைப் பெற்று, ரெஜ்-14 படிவத்தில் திருத்தம் போட வேண்டும். அதிகாரி ஒப்புதல் தர 15 வேலை நாள் வரை ஆகலாம். நடுவில் விளக்கம் கேட்டால் இன்னும் நீளும். தீபாவளிச் சரக்கு அனுப்ப நினைப்பவர் ஆவணியிலேயே இதை முடித்திருக்க வேண்டும்.

பெங்களூரு போல வெளிமாநில வேர்ஹவுஸ் என்றால் அந்த மாநிலத்தில் தனி ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அங்கே உங்கள் சொந்தச் சரக்கையே அனுப்பினாலும் வரி இன்வாய்ஸ் போட்டு ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஜிஎஸ்டி) கட்டித்தான் அனுப்ப வேண்டும். கட்டிய வரியைப் பிறகு அந்தப் பதிவில் வரவாக எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்குள் ஒரே எண்ணில் இடம் மாற்றுவதற்கு டெலிவரி சலான் போதும். வண்டியோடு போக வேண்டிய இ-வே பில்லுக்கான சரக்கு மதிப்பு வரம்பு தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்.

இதெல்லாம் ஆடிட்டர் சொல்லிவிடுவார். அவர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சலானில் "டெரி துண்டு 500 பீஸ்" என்று மட்டும் எழுதாதீர்கள். எஸ்கேயு எண், தனி பார்கோடு எண், பேட்ச் எண், ஒரு பீஸின் எடை, பெட்டி வாரியாக எத்தனை என்று எழுதுங்கள். நாளைக்குத் தகராறு வரும்போது "நான் அனுப்பியது 506 கிராம் துண்டு" என்று காட்ட, பிரச்சினை வருவதற்கு முன்பே தேதியோடு எழுதிய காகிதம் அது ஒன்றுதான். என்னிடம் அது இல்லை. 41 நாளில் பாதி நாள் அதற்கே போனது.

5. நீங்களே தயாரிப்பாளரா? "சப்ளையர் இன்வாய்ஸ்" கேட்பார்கள்

நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போலிச் சரக்கு என்று புகார் வந்தால் தளம் முதலில் கேட்பது, பொருளை வாங்கிய இன்வாய்ஸ். அமேசானில் பொதுவாகக் கடந்த 365 நாளுக்குள் தேதியிட்டதாகக் கேட்பார்கள். வாங்கி விற்கிற வியாபாரி அதை எடுத்து நீட்டிவிடுவார். நாமோ நூல் வாங்கி, பாவு ஓட்டி, தறியில் நெய்து, சாயத்துக்கு வெளியே கொடுத்து, வெட்டித் தைத்து, கவரில் போடுகிறோம். நம்மிடம் துண்டு வாங்கிய பில் எப்படி இருக்கும்? "நான்தான் தயாரிப்பாளர்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் இயந்திரம் போல மறுத்து பதில் வரும். எனக்கு இரண்டு முறை வந்தது.

மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டார்கள். அன்று நான் ஒரே பிடிஎஃப்பாகக் கட்டி அனுப்பியவை:

மில்லிலிருந்து நூல் வாங்கிய ஜிஎஸ்டி பில்கள், ஆறு மாதத்துக்கானவை. சாயப்பட்டறைக்கும் தையலுக்கும் ஜாப் ஒர்க் அனுப்பிய டெலிவரி சலான்கள், அவர்கள் போட்ட கூலி பில்கள். ஜாப் ஒர்க் சரக்குக்கான ஜிஎஸ்டி படிவமான ஐடிசி-04 தாக்கல் செய்த ஒப்புகை. கவர் அச்சடித்த பிரஸ்ஸின் பில், அதில் எங்கள் பிராண்டு பெயரும் எத்தனை கவர் என்பதும் இருந்தது. உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழ், அதில் தொழில் தயாரிப்பு என்று பதிவாகியிருந்தது. ஜிஎஸ்1 பதிவு, டிரேட்மார்க் விண்ணப்ப எண். தறி ஓடும் இடம், தையல், பேக்கிங் ஆகியவற்றின் படங்கள், பெயர்ப் பலகையோடு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பக்கக் கடிதம்: எந்த நூல் பில்லிலிருந்து எந்த பேட்ச் வந்தது என்று நான்கே வரியில்.

ஜாப் ஒர்க்குக்கு சலான் இல்லாமல், டைரியில் குறித்து, சனிக்கிழமை கையில் கூலி கொடுத்து முடிக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. கடை வியாபாரம் மட்டும் செய்யும்வரை அது ஓடியது. வேர்ஹவுஸ் வியாபாரத்தில் சலான் இல்லாத சரக்கு யாருடையதென்று நிரூபிக்க முடியாத சரக்கு. இன்றிலிருந்து ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு ஃபைல் போடுங்கள். பேட்ச் எண்ணைத் துணி லேபிளின் பின்பக்கம் சின்னதாக அச்சடித்துத் தைத்துவிடுங்கள். கவரை மாற்றலாம், ஸ்டிக்கரைப் பிய்க்கலாம், துண்டோடு தைத்த லேபிளை மாற்ற மெனக்கெட யாருக்கும் நேரம் இருக்காது.

6. டிரேட்மார்க்

பிராண்டுப் பெயருக்கு விண்ணப்பம் போடாமல் சரக்கு அனுப்பாதீர்கள். தனிநபருக்கும் உத்யம் பதிவுள்ள சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. வக்கீல் கட்டணம் தனி. துண்டு, பெட்ஷீட்டுக்கு வகுப்பு 24, பனியன், சட்டை போன்ற ஆடைகளுக்கு 25, மஞ்சள் தூள் போன்ற மசாலாவுக்கு 30. வகுப்பை மாற்றிப் போட்டால் பணம் வீண்.

பதிவு கைக்கு வர நாள் ஆகும். ஒரு தடையும் இல்லாமல் போனாலும், ஜர்னலில் வெளியான பிறகு எதிர்ப்புக்கென்று 4 மாதம் விட்டாக வேண்டும். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே டிஎம் குறி போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடும் குறியைப் பதிவு வருவதற்கு முன் அச்சடிப்பது சட்டப்படி குற்றம். அழகாக இருக்கிறது என்று கவர் டிசைன் செய்யும் பையன் போட்டுவிடுவான், அச்சுக்குப் போகும் முன் பார்த்துவிடுங்கள்.

பிராண்டுச் சொந்தக்காரராகத் தளத்தில் பதிந்துவிட்டால், உங்கள் லிஸ்டிங்கில் வந்து ஒட்டிக்கொள்ளும் மற்ற விற்பனையாளர்கள் மேல் புகார் கொடுக்கத் தனி வழி கிடைக்கும். வாரம் ஒருமுறை உங்கள் பொருள் பக்கத்தைத் திறந்து, "மற்ற விற்பனையாளர்கள்" என்ற இடத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவர்கூட இல்லாதவரை கலக்க ஆள் இல்லை. தெரியாத பெயர் ஒன்று வந்து, உங்கள் அடக்க விலைக்கும் கீழே விற்றால், அன்றைக்கே ஒரு பீஸ் ஆர்டர் போட்டு வாங்கி எடை பாருங்கள்.

7. செகண்ட்ஸ் (குறையுள்ள சரக்கு) விற்கும்போது கத்தரியை எடுங்கள்

என் சரக்கில் கலப்பு எப்படி நடந்தது என்று பிறகு தேடிப் போனேன். நான்கு மாதத்துக்கு முன் எண்ணெய்க் கறை, இழை அறுப்பு என்று ஒதுக்கிய துண்டுகளையும், அச்சு கொஞ்சம் மங்கிய கவர்க் கட்டுகளையும் ஒரே மூட்டையாகக் கிலோ விலைக்கு ஒரு வியாபாரிக்குக் கொடுத்திருந்தேன். லேபிளை வெட்டவில்லை. கவரைக் கிழிக்கவில்லை. அவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து மற்றொருவர் என்று கைமாறி, கறைத் துண்டும் வேறு தறியின் சன்னத் துண்டும் என் கவரில் ஏறி, என் பார்கோடோடு வேர்ஹவுஸுக்குள் போயிருக்கின்றன. அங்கே என் நல்ல சரக்கோடு ஒன்றாக நின்றன.

பேக் செய்த பொருளின் கவரில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, புகாருக்கு எண் எல்லாம் சட்டப்படி அச்சடித்தாக வேண்டும். ஆகவே கவர் வெளியே போனால் உங்கள் முகவரியும் அதனோடு போகிறது. உள்ளே யார் எதைப் போட்டாலும் வாடிக்கையாளர் கூப்பிடுவது உங்கள் எண்ணைத்தான்.

கரூரிலும் திருப்பூரிலும் ஈரோட்டுச் சந்தையிலும் செகண்ட்ஸ் வாங்க ஆள் எப்போதும் உண்டு. விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தக் காசு கூலிக்கு உதவும். லேபிளை வெட்டிவிட்டு விற்பது மட்டும் போதும். திருப்பூர் பனியன் என்றால் கழுத்து லேபிளின் குறுக்கே ஒரு வெட்டு. மீந்த கவர்களை நடுவே வெட்டி எடைக்குப் போடுங்கள். கவர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் பிளேட்டும் மீந்த கவரும் யார் கையில் இருக்கின்றன என்று கேளுங்கள். எத்தனை கவர் வந்தது, எத்தனை பீஸ் பேக் ஆனது, எத்தனை சேதம் என்று ஒரு நோட்டில் கணக்கு வைத்தால், குறைவது உடனே தெரியும். செக்கிங் அக்காவுக்கு இது தினம் பத்து நிமிட வேலை.

8. மஞ்சள் தூள், எண்ணெய், நெய் விற்கிறவர்களுக்கு மட்டும்

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ஆன்லைனில் அந்தப் பெயரில் விற்கிறவர்கள் கூடிவிட்டார்கள். உணவுப் பொருளில் கலப்பு துணியைவிட ஆபத்து. துண்டு சன்னமாக இருந்தால் பணம் போகும், தூளில் சாயம் இருந்தால் சாப்பிட்டவர் உடம்புக்குப் போகும். உங்கள் 14 இலக்க உணவு உரிம எண் கவரில் இருக்கும்போது விசாரணையும் உங்களிடம்தான் வரும். உணவுக்குத் தனி பார்கோடு தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு பாக்கெட்டை சீல் பிரிக்காமல், காலாவதி முடியும்வரை உங்களிடமே வைத்திருங்கள். பேட்சுக்கு ஒரு ஆய்வக அறிக்கை எடுத்துவிடுங்கள்.

காலாவதித் தேதியும் கலப்பில் சிக்கும். ஆன்லைனில் விற்கும் உணவு வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறை. புதுச் சரக்கை நீங்கள் அனுப்ப, பொது இருப்பில் கிடக்கும் அடுத்தவரின் பழைய பாக்கெட் உங்கள் ஆர்டருக்குப் போனால், அந்தக் கணக்கும் உங்கள் தலையில்தான் விழும்.

9. எவ்வளவு சரக்கு அனுப்பலாம்

லிஸ்டிங் முடங்கினால் உள்ளே இருக்கும் சரக்கும் முடங்கும், வர வேண்டிய பணமும் நிற்கும். நூல் கடனுக்குத் தவணை வரும், சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். நான் தீபாவளியை நம்பி மூன்று மாதச் சரக்கை ஒரே தடவையில் ஏற்றினேன். ஒரு மாத விற்பனைக்கு மேல் ஏற்றாதீர்கள். மீதியை உங்கள் குடோனில் வைத்து வாரம் ஒரு லோடு அனுப்புங்கள். வண்டிச் செலவு கொஞ்சம் கூடும், கூடட்டும். கடை ஆர்டரும் உங்கள் குடோனிலிருந்து நேரே அனுப்பும் ஆர்டரும் கொஞ்சமாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த 41 நாளும் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது கேரளாவிலிருந்து வந்த இரண்டு கடை ஆர்டரால்தான்.

10. புகார் வந்துவிட்டால், முதல் இரண்டு நாள்

முதலில், பதில் எழுதாதீர்கள். கோபத்தில் எழுதிய முதல் கடிதம் எனக்குப் பத்து நாளைத் தின்றது. "வேர்ஹவுஸ்தான் கலந்தது" என்று எழுதினேன். உண்மைதான், ஆனால் காகிதம் எதுவும் இணைக்கவில்லை. படிக்கிறவருக்கு அது சாக்காகத்தான் தெரியும்.

அந்தப் பொருளை விற்பனையிலிருந்து நீங்களே நிறுத்துங்கள், புகார் மேலும் கூடாது. ரிட்டர்னில் வந்த பீஸ்களைக் கவரோடு, அனுப்பிய சீட்டோடு எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, எடை தெரியும்படி, ஓரத் தையல் தெரியும்படி, லேபிள் தெரியும்படி மூன்று படம் எடுங்கள். பக்கத்திலேயே உங்கள் அசல் பீஸை வைத்து ஒரு படம். பிறகு ரிமூவல் போட்டு, முடிந்த அளவு சரக்கைத் திரும்ப எடுங்கள். பீஸுக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. எனக்கு வந்து சேர மூன்று வாரம் ஆனது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன் வீடியோவை ஓட விடுங்கள், மேல் சீட்டில் தொடங்கி கடைசி பீஸ்வரை வெட்டாமல். பொது இருப்பிலிருந்து திரும்ப வருவதும் உங்களுடையதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. எனக்கு 500 கேட்டு 500 வந்தது. எடை போட்டுப் பார்த்தால் அதில் 63 எங்களுடையது இல்லை.

எல்லாக் காகிதமும் கையில் சேர்ந்த பிறகு ஒரே கடிதம் எழுதுங்கள். என்ன நடந்தது, இதுவரை என்ன செய்தீர்கள், இனி நடக்காமல் இருக்க என்ன மாற்றினீர்கள் என்று மூன்று பகுதி, ஒரு பக்கத்துக்குள். மூன்றாவது பகுதியில் தனி பார்கோடுக்கு மாறியதையும் புது எஸ்கேயு எண்ணையும் எழுதுங்கள். 5ஆம் படியில் சொன்ன பிடிஎஃப்பை இணையுங்கள். ஒவ்வொரு டிக்கெட் எண்ணையும் தேதியோடு நோட்டில் குறித்து வையுங்கள். பதில் வராவிட்டால் புது டிக்கெட் திறக்காமல் பழைய எண்ணிலேயே தொடருங்கள். புதிது புதிதாகத் திறந்தால் ஒவ்வொரு முறையும் வேறொருவர் ஆரம்பத்திலிருந்து படிப்பார்.

உங்களுடையது அல்லாத பீஸ்களைத் தனி மூட்டையாகக் கட்டி, எண்ணிக்கையும் ரிமூவல் எண்ணும் தேதியும் எழுதி வையுங்கள். எரிச்சலில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், கேஸ் மூடும்வரை அவைதான் சாட்சி. மூடிய பிறகு லேபிளையும் கவரையும் வெட்டித்தான் அவற்றையும் வெளியே அனுப்ப வேண்டும்.